காற்றுத் துப்பாக்கியின் ஆடும் கட்டையைச் சரிசெய்தல்

காற்றுத் துப்பாக்கியின் மரக்கட்டை ஆடத் தொடங்கினால் கை முதலில் திருப்புளியைத்தான் தேடும். இறுக்கியதும் ஆட்டம் நின்றுவிடும். சில நாள் சுட்ட பிறகு திரும்பவும் வந்துவிடும். மறுபடி இறுக்கும்போது திருகாணியின் தலை மரத்துக்குள் இன்னும் கொஞ்சம் புதையும். இப்படியே போனால் கடைசியில் துளை அகன்று, கட்டையின் கழுத்தில் விரிசல் விழும். பெரும்பாலான துப்பாக்கிகளில் திருகாணிமீது குற்றமில்லை. அதன் தலைக்கு அடியில் உள்ள மரம் நசுங்கி இடம் கொடுத்திருக்கும். அந்த இடத்தை நசுங்காத பொருளால் கட்டிக் கொடுப்பதுதான் நிலையான பழுதுபார்ப்பு.

காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதியில் கடலை ஒட்டியிருக்கும் மண்டபத்தூர் போன்ற ஊர்களில் இந்தச் சிக்கல் சீக்கிரமே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். பங்குனி, சித்திரை வெயிலில் வற்றிச் சுருங்கும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை, குறுக்குவாக்கில்தான் உப்பிச் சுருங்குகிறது. திருகாணி பிடித்திருப்பதும் அந்தக் குறுக்குவாக்கில்தான். உப்பும்போது திருகாணித் தலைக்கு அடியில் நார்கள் நசுங்கும்; சுருங்கும்போது அந்த நசுங்கல் இடைவெளியாக மாறும். கடையில் வந்த கட்டை உடைந்துபோய், தச்சர் ஒருவரிடம் புதிதாகச் செதுக்கி வாங்கிய கட்டை என்றால் ஆட்டம் இன்னும் சீக்கிரம் வரும். அப்படிப்பட்ட கட்டைகளில் மரம் சரியாக உலர்ந்திருக்காது, இரும்பு உட்காரும் பள்ளமும் தாராளமாக வெட்டப்பட்டிருக்கும்.

வேலையில் இறங்குமுன் சட்டத்தின் எல்லை தெரிய வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு (0.177 அங்குலம்) மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அரை கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் 10 ஜூல். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கிகள் இந்த அளவை ஒட்டியே இருக்கின்றன. மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி, வீட்டில் செய்த துப்பாக்கி ஆகியவற்றின் கதை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவு, உரிமமில்லாமல் துப்பாக்கி செய்வதோடு பழுதுபார்ப்பதையும் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை, ஆயுள் வரையும் போகலாம். அப்படி ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தால் அதன் கட்டையைத் தொட வேண்டாம். காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. காற்றுத் துப்பாக்கியால் கொக்கு, மடையான், நாரை சுடுவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே பேசப்படுவது குறிபார்த்துப் பழகும் துப்பாக்கி மட்டும்.

அந்தப் பழக்கத்துக்கு ஆடாத கட்டை எவ்வளவு தேவை என்பதைப் போட்டி அட்டையே சொல்லும். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்திரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் இந்தப் போட்டியில்தான். கட்டை ஒரு மயிரிழை ஆடினால்கூடக் குறி அந்தப் புள்ளியை விட்டு விலகிப்போகும். சுடுபவரோ தம் கையையே குறைசொல்லிக்கொண்டிருப்பார்.

ஸ்பிரிங் துப்பாக்கியின் உதைப்பு மற்றத் துப்பாக்கிகளைப் போன்றதல்ல. விசையை இழுத்ததும் கனமான பிஸ்டன் முன்னே பாயும். துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் குழாயின் முனையில் காற்று மெத்தையில் மோதி நின்றதும் துப்பாக்கி முன்னால் இழுபடும். ஒரே சுடுதலில் இரண்டு திசையிலும் அதிர்வு வருவதால், மரைகள் தாமாகவே கழன்றுகொடுக்கின்றன. உள்ளங்கை பிடிக்கும் முன்கட்டையின் இரு பக்கத்திலும் உள்ள சிறு திருகாணிகள் முதலில் தளரும். விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் திருகாணிகள் பிறகு தளரும்.

முதல் வேலை, துப்பாக்கி வெறுமையாக இருக்கிறதா என்று பார்ப்பது. குழலை மடக்கித் திறந்து, பெல்லட் எதுவும் இல்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். துப்பாக்கி ஏற்றிய நிலையில் இருந்தால் பாதுகாப்பான மண்மேட்டை நோக்கி ஒரு பெல்லட்டைச் சுட்டு இறக்க வேண்டும். வெறுமையாக விசையை இழுத்தால் மெத்தையாக நிற்க வேண்டிய காற்று தப்பிப்போய், பிஸ்டன் இரும்பில் மோதிச் சேதமாகும். ஸ்பிரிங் அடைபட்டிருக்கும் குழாயின் பின்மூடியை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது. ஸ்பிரிங் உள்ளே இறுக்கத்திலேயே இருக்கிறது. கருவி இல்லாமல் திறந்தால் முகத்தில் பாயும். கட்டையைக் கழற்ற அதைத் தொடவேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது, ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு கையால் குழாயையும் இன்னொரு கையால் கட்டையையும் பிடித்து முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், முறுக்கியும் பார்க்க வேண்டும். இரும்பும் மரமும் சேரும் கோட்டில் கட்டைவிரலை வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். முன்பின் அசைவு என்றால் திருகாணித் துளை நீள்வட்டமாகியிருக்கிறது. பக்கவாட்டு அசைவு பள்ளம் அகலமாகிவிட்டதைக் காட்டும். ஒவ்வொரு திருகாணியையும் கால் சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டும். இறுக்கம் ஏறாமல் சுற்றிக்கொண்டே போனால் மரை தேய்ந்துவிட்டது. அது லேத் பட்டறைக்குப் போக வேண்டிய வேலை. இறுகி, அதோடு மரத்தில் நெரியும் சத்தமும் கேட்டால் மரம் நசுங்குகிறது என்று பொருள்.

கடற்காற்றில் துருப்பிடித்த திருகாணியை வலுவாகத் திருகினால் தலை வழுக்கிப்போகும். தலையைச் சுற்றி ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவைத்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். எண்ணெயை மரத்தில் ஊறவிடாமல் சொட்டு சொட்டாக விடுவது முக்கியம். எண்ணெய் ஊறிய மரத்தில் பிறகு பசை பிடிக்காது. அழுத்தக் குழாய்க்குள்ளும் எண்ணெய் போகக் கூடாது. சுடும்போது அது பற்றி வெடித்து, துப்பாக்கியைக் கெடுத்துவிடும். திருப்புளி முனை திருகாணியின் வெட்டில் முழு அகலத்துக்கும் பொருந்த வேண்டும். கழற்றியவற்றை, எது எந்தத் துளையினது என்று எழுதிய தாளில் குத்தி வைக்க வேண்டும். நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடும். நீளமானதை மாற்றிப் போட்டால் அது உள்ளே ஸ்பிரிங்கையோ விசையையோ முட்டும்.

கட்டையைக் கழற்றியதும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இரும்பு அழுத்திய இடம் பளபளப்பாக இருக்கும். தொடாத இடம் மங்கலாக இருக்கும். பளபளப்பு இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் இருந்தால் மொத்தப் பாரத்தையும் அந்தப் புள்ளிகளே தாங்கியிருக்கின்றன. பிடியின் கழுத்தில், மர நாரின் போக்கில் ஓடும் மெல்லிய விரிசலை நீர்போன்ற உடனடிப் பசையை ஊறவிட்டு இறுக்கிக் கட்டி ஒட்டலாம். நாரைக் குறுக்கே வெட்டியோடும் விரிசல் இருந்தால் கட்டையை ஒதுக்கிவிட வேண்டும்.

மரம் நசுங்காமல் திருகாணி மட்டும் கழன்றிருந்தால் வேலை எளிது. திருகாணியையும் மரைத் துளையையும் தின்னரால் துடைத்து எண்ணெய் போக்கி, முன்பக்கத் திருகாணிகளுக்குப் பல்லுள்ள வாஷர் போட்டு, மரையில் ஒரு சொட்டு நடுத்தர வலுவுள்ள மரைப்பூட்டுப் பசை (நீல நிறத்தில் வரும் லாக்டைட் 243 போன்றது) விட்டு முடுக்கினால் போதும். சிவப்பு நிறப் பசையைத் தவிர்க்க வேண்டும். சூடாக்காமல் அது விடாது, சூடோ மரத்தைக் கருக்கிவிடும்.

மரம் நசுங்கியிருந்தால் துளைக்குள் உலோகத் தூண் வைக்க வேண்டும். பித்தளை அல்லது அலுமினியக் குழாய்த் துண்டு போதும். 6 மில்லிமீட்டர் திருகாணிக்கு உள்விட்டம் ஆறரை, வெளிவிட்டம் பத்து மில்லிமீட்டர் இருந்தால் சரியாக இருக்கும். திருகாணித் தலை உட்காரும் இடத்திலிருந்து இரும்புக் குழாயின் அடிவரை உள்ள உயரத்தை நசுங்காத இடத்தில் அளந்து, அதே நீளத்துக்குக் குழாயை அறுத்து, இரு முனையையும் அரத்தால் சதுரமாக ராவ வேண்டும். பழைய துளையைக் கைத் துரப்பணத்தால் பெரிதாக்கினால் கோணிப்போகும். நின்று துளைக்கும் டிரில் உள்ள தச்சுப் பட்டறையில் கொடுப்பதே நல்லது. தூண் வைத்த பிறகு திருகாணியின் இறுக்கம் முழுவதும் உலோகத்திலிருந்து உலோகத்துக்குப் போகும். மழையில் மரம் உப்பினாலும் வெயிலில் சுருங்கினாலும் அந்த நீளம் மாறாது. கடலோரத்தில் இந்தப் பழுதுபார்ப்பு நீடித்து நிற்பது இதனால்தான்.

தூணை ஒட்டவும், பள்ளத்தின் இடைவெளியை நிரப்பவும் இரட்டைக் குழாயில் வரும் எப்பாக்சி பசை வேண்டும். அரால்டைட்டின் மெதுவாக இறுகும் வகையே ஏற்றது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை, வேலை பாதியில் இருக்கும்போதே கல்லாகிவிடும். பசை பிடிக்க வேண்டிய இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை தெரிந்தால் அசிட்டோனால் துடைக்க வேண்டும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் அதை இரண்டு முறை துடைப்பது நல்லது. இரும்பிலோ பசை ஒட்டவே கூடாது. அதற்காக, கட்டையில் உட்காரும் இரும்பு முழுவதிலும் திருகாணி மரைகளிலும் ஷூ பாலிஷ் மெழுகை மெல்லியதாகத் தடவி, உலரவிட்டு, மறுபடி தடவ வேண்டும். இரும்பில் உள்ள ஒவ்வொரு துளையையும், விசைப் பகுதியின் வெட்டையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைக்க வேண்டும். ஒரு துளை விட்டுப்போனாலும் பசை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், பிறகு கட்டையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டத்துக்கு மட்டும் அவசரம் ஆகாது.

இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு பசையை எடுத்துக் கலந்து, சலித்த மெல்லிய மரத்தூள் சேர்த்தால் வழியாமல் நிற்கும். அதைத் தூணின் வெளிப்புறத்திலும், பள்ளத்தில் திருகாணிகள் இருக்கும் இடத்தைச் சுற்றியும் தடவி, இரும்பை அதன் இடத்தில் அமர்த்தி, திருகாணிகளை விரலால் மட்டும் முடுக்க வேண்டும். இறுக்கி முடுக்கினால் கட்டை வளைந்த நிலையிலேயே பசை காய்ந்து, கழற்றும்போது கட்டை நிமிரும், அத்தோடு பொருத்தமும் போய்விடும். வெளியே பிதுங்கிய பசையை உடனே துணியால் துடைத்துவிட்டு, துப்பாக்கியைக் குழல் மேலாக நிறுத்தாமல் கிடையாக ஒரு நாள் முழுதும் வைக்க வேண்டும். மழைக்காலமானால் இரண்டு நாள். பிறகு திருகாணிகளைக் கழற்றி, குழலைப் பிடித்து நேர் மேலாகத் தூக்கினால் ஒரு சிறு சத்தத்தோடு பிரியும். களிமண்ணைச் சுரண்டி எடுத்து, துளைகளில் படிந்த பசையை அரத்தால் ராவிவிட்டு, இரும்பு தங்கு தடையின்றி இறங்கி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

முன்கட்டையின் பக்கவாட்டுத் திருகாணிகளுக்குத் தூண் வைக்க மரத்தின் தடிமன் போதாது. அங்கே நசுங்கிய நாரைச் சுரண்டிவிட்டு, பசையும் மரத்தூளும் கலந்து நிரப்பி, காய்ந்ததும் மறுபடி துளையிட்டு, குழிந்த உலோக வாஷரை அமர்த்தினால் போதும்.

திரும்பப் பூட்டும்போது எல்லாத் திருகாணிகளையும் தளர்வாகப் போட்டுவிட்டு, துப்பாக்கியின் அடியை ரப்பர் விரிப்பில் ஒருமுறை மெல்லத் தட்டி, இரும்பு பின்னால் ஒட்டி அமர்ந்த பிறகு வளையத்தின் முன் திருகாணி, பின் திருகாணி, பக்கத் திருகாணிகள் என்ற வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி முடுக்க வேண்டும். திருப்புளியை மூன்று விரலால் பிடித்து முடுக்கும் இறுக்கமே போதுமானது. முழங்கையின் பலம் வேண்டாம். ஒவ்வொரு திருகாணித் தலைக்கும் பக்கத்து மரத்துக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு சிறு கோடு இட்டால், எது நகர்ந்தாலும் பார்த்த உடனே தெரியும்.

பத்து மீட்டர் தூரத்தில், பின்னால் மண்மூட்டை அடுக்கி, ஒரே பெட்டிப் பெல்லட்டால் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். குழுக்கள் ஒரே இடத்தில் விழுந்தால் கட்டை பிடித்துவிட்டது. முன்பு இருந்த இடத்தைவிட்டு மொத்தமாகத் தள்ளி விழுந்தால் கவலை வேண்டாம், குறிக்கட்டையைத் திருத்திக்கொள்ளலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் திருகாணிக் கோடுகளைப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் குழலின் மடக்குக் கீலைச் சந்தேகிக்க வேண்டும்; கட்டையில் வரும் ஆட்டமென்று நினைப்பவற்றில் சில அந்தக் கீலில் வருபவை.

புதுக் கட்டையே செதுக்குவதாக இருந்தால் மண்டபத்தூர்க் கரையெங்கும் வளரும் சவுக்கு ஆசைகாட்டும். கனமும் உறுதியும் உண்டு, ஆனால் உலரும்போது பிளந்து முறுக்கிக்கொள்ளும். பூவரசு மேலானது: நார் நெருக்கம், உலர்ந்த பிறகு அசைவு குறைவு, உளிக்கும் இணங்கும். அங்குல கனத்துக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கில் நிழலில் உலர்ந்த பலகையாக எடுத்து, பிடியின் கழுத்து வழியாக நார் நீளவாக்கில் ஓடும்படி வரைந்து வெட்ட வேண்டும். வெளியே மட்டும் வார்னிஷ் பூசிவிட்டு உள்பள்ளத்தை வெறுமையாக விடுவது வழக்கமாக நடக்கும் தவறு. ஈரம் உள்ளே போவது அந்த வழியாகத்தான். பள்ளத்துக்கும், அடிமுனையில் தெரியும் நார்முனைக்கும் வெளிப்புறத்தைவிட ஒரு பூச்சு கூடுதலாக வேண்டும்.

உறைக்குள் அடைத்து வைத்த துப்பாக்கி கடலோரத்தில் வியர்க்கும். பூட்டிய அலமாரியில், சுவரைத் தொடாமல் வைத்து, சுட்ட பிறகு இரும்பை எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த தையிலும், வெயில் தணியும் ஆடியிலும் நகப்பூச்சுக் கோடுகளை ஒருமுறை பார்த்து, நகர்ந்த திருகாணியை மட்டும் கழற்றித் துடைத்து, புதிதாக ஒரு சொட்டு மரைப்பூட்டுப் பசை விட்டு முடுக்க வேண்டும்.