இளநிலை ஆங்கிலத் தேர்வும் மொழித்திறன் அளவீடும்

1997இல் சேலத்தில் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் பகுதி 2இல் ஆங்கிலம் பயில்கின்றனர். சேலம், நாமக்கல் சிற்றூர்களிலிருந்து வரும் பலர் பள்ளியில் தமிழ்வழிக் கற்றவர். கட்டுரை வினாவை முன்னரே ஊகித்து, உரைநூல் விடையை மனப்பாடம் செய்து எழுதுபவர் உயர்மதிப்பெண் பெறுதல் கூடும். அவரே ஒரு விண்ணப்பத்தைத் தாமாக எழுத இடர்ப்படலாம். இங்கு அளக்கப்படுவது நினைவாற்றலே. தேர்வியலார் கூறும் நம்பகத்தன்மை இத்தகைய தேர்வுக்கு இருக்கலாம், ஏற்புடைமை குறைவு. நன்னூலார் கிளியை இடைமாணாக்கர்க்கே உவமையாக்கினார். நம் விடைத்தாள் திருத்தமோ அதனைத் தலைமாணாக்கர் வரிசையில் அமர்த்திவிடுகிறது.

கேட்டலையும் பேசுதலையும் எழுத்துத்தேர்வால் மட்டும் அளத்தல் இயலாது. அவற்றுக்கு இயல்பான இடம் அகமதிப்பீடு. கற்பித்தவரே மதிப்பெண் வழங்குவதால் தாராளம் புகும் என்னும் ஐயம் நியாயமானதே. இருவர் தனித்தனியே மதிப்பிடின் அது குறையும். காலமே பெருந்தடை: 60 மாணவர் கொண்ட வகுப்பில் ஒருவர்க்கு 5 நிமிடமெனினும் 5 மணிநேரம் வேண்டும். கூடுதல் காலமின்றி எழுத்துத்தேர்விலேயே செய்யத்தக்கது ஒன்றுண்டு. பாடநூல் வினாக்களைக் குறைத்து, மாணவர் முன்பு காணாத பத்திக்குரிய மதிப்பெண்ணை உயர்த்தலாம்.