பழைய அம்பாசடர் வாங்கலாமா? ஆசைக்கு ஒரு கணக்கு

கோவில்பதாகை, ஆவடி பக்கம் தனி வீடு கட்டின பலருக்கு மனசுல ஒரு ஆசை இருக்கு: "ஒரு பழைய அம்பாசடர் வாங்கி வாசல்ல நிறுத்தணும்." கூடவே, "விலை ஏறும்ல, அதுவும் முதலீடு தானே?"ன்னு ஒரு சமாதானமும் இருக்கு. அது சரியான்னு பார்ப்போம்.

ஏன் இந்த ஈர்ப்பு?

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல நின்னுபோச்சு. பிரீமியர் பத்மினி அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. நம்ம வண்டலூர்ல தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்ட் இப்போ கண்ணுல படுறதே அபூர்வம். ஸ்டீயரிங் பக்கத்துல கியர், சோபா மாதிரி சீட், கம்ப்யூட்டர் இல்லாத இன்ஜின். கார்புரேட்டரைக் கழட்டி நீங்களே சுத்தம் பண்ணலாம். சிக்னல்ல நின்னா பக்கத்து வண்டிக்காரர் சிரிப்பார். இந்தச் சந்தோஷம் நிஜம். அதுக்கு விலை எவ்வளவுங்கிறதுதான் கேள்வி.

ஒரு உதாரணக் கணக்கு

வண்டி 3 லட்சம். இன்சூரன்ஸ், சர்வீஸ், டிங்கரிங் எல்லாம் சேர்த்து வருஷம் 40,000 ரூபாய்னு வச்சுக்கலாம். இதே பணத்தை 10% வருமானம் தர்ற இடத்துல போட்டிருந்தா 10 வருஷத்துல:

• 3 லட்சம் → சுமார் 7.78 லட்சம்
• வருஷா வருஷம் 40,000 → சுமார் 6.37 லட்சம்
• மொத்தம் → சுமார் 14.15 லட்சம்

அதாவது, வண்டியை 14 லட்சத்துக்கு வித்தாதான் நட்டமில்லை. வாங்கின 3 லட்சத்துக்கே வித்தா, சந்தோஷத்தோட விலை 11.15 லட்சம். வருஷம் 40 ஞாயிறு ஓட்டினீங்கன்னா, ஒரு ரவுண்டுக்கு கிட்டத்தட்ட 2,800 ரூபாய். பெட்ரோல் தனி!

சட்டத்துல ஒரு சிக்கல்

2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டின, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜா பதிவு பண்ணலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். ஆனா கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க — இந்த மாதிரி காரியத்துக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். தினமும் ஆவடி மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது. ஓட்டணும்னா சாதாரண ஆர்.சி.யை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறதுதான் வழி.

வித்தா வரி உண்டா?

சொந்த உபயோகத்துக்கு ஓட்டின காரை லாபத்துக்கு வித்தா மூலதன ஆதாய வரி இல்லை. ஆனா "உபயோகம்" நிஜமா இருக்கணும். 1983-ல 20,000 ரூபாய்க்கு வாங்கின 1931 மாடல் போர்டு காரை ஒருத்தர் 21 லட்சத்துக்கு வித்தார். அவர் அதை ஓட்டினதுக்கு ஆதாரம் இல்லைன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் 2025-ல வரிச்சலுகையை மறுத்துடுச்சு. அதனால இன்சூரன்ஸ், சர்வீஸ் பில் எல்லாம் பத்திரமா வைங்க.

வாங்கறதுக்கு முன்னாடி

1. ஆர்.சி.யில இருக்கிற சேஸிஸ், இன்ஜின் நம்பர் வண்டியோட ஒத்துப்போகுதா?
2. அடித்தகட்டுல துரு இருக்கா? இன்ஜினைவிட இதுதான் பர்ஸைக் காலி பண்ணும்.
3. மேல கூரை இருக்கா? ஏரி நிறைஞ்சா தண்ணி தேங்குற தெருன்னா, வாசல்ல நிறுத்தவே வேண்டாம்.
4. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்குற ரப்பர் குழாய் மாத்தியாச்சா?
5. கழுத்து வரைக்கும் ஈ.எம்.ஐ. இருக்கா? அப்போ இப்போதைக்கு வேண்டாம்.

அவசர கால நிதி, டேர்ம் இன்சூரன்ஸ், பிள்ளைங்க படிப்பு — இதெல்லாம் முடிச்சு மிச்சமிருக்கிற பணத்துல வாங்குங்க. முதலீட்டுக் கணக்குல எழுதாதீங்க, செலவுக் கணக்குல எழுதுங்க. அப்போ விலை ஏறினா லாபம். ஏறலைன்னாலும் வருத்தம் இருக்காது.