நாவலை மனத்தில் வைத்திருக்கும் தங்கைக்கு



திருகோணமலைத் துறைமுகத்தை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். தலைப்புத் தயார், கொப்பி வாங்கியாகிவிட்டது, முதல் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. இந்த நிலையில் இருக்கும் எவரும் தம்மைச் சோம்பேறி என்றே ஏசிக்கொள்வார்கள். அந்தச் சொல்லை நீ முதலில் கைவிட வேண்டும். சோம்பேறிக்குச் சும்மா இருப்பதில் ஒரு சுகம் உண்டு. வேலையைத் தள்ளிப்போடுகிறவருக்கு அந்தச் சுகமும் கிடையாது. எழுத உட்கார வேண்டிய நேரத்தில் அவர் அலுமாரியை அடுக்குவார், உடுப்புத் தோய்ப்பார், மாதக்கணக்காகப் பதில் போடாத ஒருவருக்கு அன்றைக்குத்தான் பதில் போடுவார். பொழுது படும்போது வீடு துப்புரவாக இருக்கும், உடம்பு களைத்திருக்கும், மனம் குறுகுறுத்துக்கொண்டே இருக்கும். இவ்வளவு உழைப்பவரைச் சோம்பேறி என்பது நோயைப் பிழையாக அறிவது. அப்படி அறிந்தால் மருந்தும் பிழைத்துப்போகும்.

நேரத்தை ஒழுங்குபடுத்தத் தெரியாத குறைபாடாகவே தள்ளிப்போடுதலை நெடுங்காலம் பார்த்துவந்தார்கள். அண்மைக்கால உளவியல் வேறு விதமாகப் பார்க்கிறது. ஃபியூஷா சிரோய், திமோதி பிச்சில் என்ற ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்த கருத்து இது: வேலையை நினைத்ததும் பயம், சலிப்பு, தன்மீதான ஐயம் என்று வேண்டாத உணர்ச்சி ஒன்று எழுகிறது, ஒத்திவைத்த கணமே அது தணிகிறது, அந்தச் சிறு ஆறுதலுக்காகவே நாம் நாளைய நம்மைக் கடனாளி ஆக்குகிறோம். ஆறுதல் தந்த செயலை மனம் திரும்பவும் செய்யும். அடுத்த நாள் பயம் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும், ஒத்திவைப்பும் அதற்கேற்ப இனிக்கும். புதிய நாட்குறிப்பேடும் சுவரில் ஒட்டிய அட்டவணையும் ஒரு கிழமைக்கு மேல் ஏன் நிற்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். அட்டவணை நேரத்தைப் பங்கிடும், பயத்தைத் தொடாது.

அப்படியானால் உன் பயம் எது? திருகோணமலையை எழுத ஒருவர் மேசைக்கு வந்ததும் அவரோடு ஒரு கூட்டமே வந்து உட்கார்ந்துவிடுகிறது. போர்த்துக்கேயர் 1622இல் இடித்த கோணேசர் கோயில் இருக்கிறது. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாறி மாறிப் பிடித்த கோட்டை இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று தரப்பாரும் இது எங்கள் ஊர் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களும், அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மூதூரில் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களும் இருக்கிறார்கள். இவர்களை எழுத எனக்கு என்ன தகுதி, ஒரு சொல் பிசகினால் யார் மனம் நோகும், எந்தத் தரப்பு என்னைத் துரோகி என்னும் என்ற கேள்விகள் எழாவிட்டால்தான் வியப்பு. உன் தயக்கத்துக்குள் பொறுப்புணர்ச்சி இருக்கிறது என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். அந்தப் பொறுப்பை எழுதாமல் இருந்து நிறைவேற்ற முடியாது என்பதுதான் என் வாதம். எந்தச் சொல் பிசகு என்பது எழுதிய பக்கத்தில்தான் தெரியும். இறந்தவர்களுக்கு நீ நியாயம் செய்தாயா என்று பார்க்க ஒரு படி கையில் இருக்க வேண்டும், அதை அடித்துத் திருத்த வேண்டும். முதல் படியை உன்னைத் தவிர எவரும் வாசிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பயந்த மனம் முதல் வாக்கியத்தையே ஊர் முழுக்க வாசிக்கப்போகிறது என்று நம்பிவிடுகிறது.

தாமதம் எல்லாமே தள்ளிப்போடுதல் ஆகிவிடாது. திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களை எடுத்துக்கொள். அவற்றைக் கூட்டாகச் சீரமைக்கும் பேச்சு 1987 இந்திய–இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களிலேயே வந்துவிட்டது. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐ.ஓ.சி. உள்ளே வந்தது. 99 குதங்களையும் யார் யார் எப்படிப் பயன்படுத்துவது என்ற ஒப்பந்தங்கள் 2022 ஜனவரியில்தான் கையெழுத்தாயின. இந்த ஊரில் எதுதான் நேரத்துக்கு நடந்தது என்று இதைக் காட்டி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த 35 ஆண்டுத் தாமதத்தில் இரண்டு அரசுகளுக்கும் ஒரு போருக்கும் பங்கு உண்டு. உன் கொப்பியில் எழுத எவருடைய கையெழுத்தும் தேவையில்லை. அதேபோல, போர்க்காலத்தில் எழுதாமல் போனவர்களைத் தள்ளிப்போட்டவர்கள் என்பது அநியாயம். விடியமுன் எழும்பிச் சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, கந்தோருக்குப் போய் வரும் பெண் நேரமில்லை என்றால் அது உண்மை. அவளுக்கு அறிவுரை சொல்வதைவிட வீட்டு வேலையில் பங்கெடுப்பதுதான் உதவி. நேரமும் பாதுகாப்பும் கையில் இருந்தும் மேசைக்குப் போகாத பொழுதுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். அப்படியான பொழுது உனக்கு எவ்வளவு உண்டு என்பதை நீதான் நேர்மையாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எழுத்தாளரின் தள்ளிப்போடுதல் பெரும்பாலும் மரியாதையான ஒரு பெயரோடு வரும். அந்தப் பெயர் ஆய்வு. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியதை எழுத நினைக்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய கடற்படைத் தளத்தின் வரைபடம் வேண்டும் என்று தோன்றும். வரைபடம் கிடைத்தால் அங்கே வேலை செய்த கூலியாட்களைப் பற்றி அறிய வேண்டும். அதைத் தேடும்போது 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்த கதை குறுக்கே வரும். ஒவ்வொன்றும் நாவலுக்குத் தேவையானது போலவே இருக்கும், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. வாடைக் காலத்தில் கடலுக்குப் போகாத மீனவர் வலை பொத்துகிறார், காற்று விழுந்ததும் அதே வலையோடு இறங்குகிறார். காற்று விழுந்த பிறகும் வலையையே பொத்திக்கொண்டிருப்பவரை ஊர் என்ன சொல்லும்? இந்தத் தகவல் இல்லாமல் எந்தக் காட்சி நின்றுபோயிருக்கிறது என்று உன்னால் சொல்ல முடிந்தால் நீ ஆய்வு செய்கிறாய். காட்சியே இல்லாமல் தகவல் மட்டும் சேர்ந்துகொண்டு போனால் ஒளிந்திருக்கிறாய். தெரியாத இடத்தில் ஒரு கோடு கீறிவிட்டு மேலே எழுது. எத்தனை விமானங்கள் வந்தன என்பதைப் பிறகு நிரப்பலாம். சைரன் கேட்டபோது அந்தப் பெண் பிள்ளையை எந்தக் கையில் தூக்கினாள், அடுப்பை அணைத்தாளா, கதவைச் சாத்தினாளா என்பதை எந்த ஆவணக் காப்பகமும் தராது. அது உன் பேனாவிலிருந்துதான் வர வேண்டும்.

நல்ல படைப்பு மனத்தில் ஊற வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது என்று நீ மறுக்கலாம். ஆறுதலாகச் செய்ய வேண்டியதை ஆறுதலாகச் செய் என்று வினைசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவரே சொல்கிறார் என்றும் காட்டலாம். அதே குறள் தாமதிக்கக் கூடாதவற்றைத் தாமதியாதே என்றும் எச்சரிக்கிறது. இவற்றில் நாவல் எந்த வகை என்பதற்குக் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. புயலில் சேதமான கப்பலைத் திருத்த அங்கே வந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞர் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். அந்த 20 ஆண்டுகளையும் ஊறிய காலம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் எழுதப்பட்டது நாடு திரும்பும் கப்பல் பயணத்தில். 1680இல் இலண்டன் சேர்ந்தார், 1681இல் நூல் அச்சில் வந்தது. றோயல் சொசைட்டியின் ரொபர்ட் ஹூக் அதைச் செப்பனிட உதவி, முன்னுரையும் எழுதிக் கொடுத்தார். இதற்குப் பிறகு நடந்ததையும் கவனி. நூலை விரித்து எழுத விரும்பிய நொக்ஸ், அச்சான பிரதியின் இடையிடையே வெற்றுத் தாள்களைச் சேர்த்துக் கட்டி ஆண்டுக்கணக்காகக் குறிப்புகள் எழுதினார். 1720இல் அவர் இறக்கும்வரை அந்த விரிந்த பதிப்பு வரவில்லை. அவருடைய தன்வரலாறு அச்சேறியது 1911இல். இதற்குப் புறக்காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் கரை தெரிந்த பயணத்தில் எழுதியது மறு ஆண்டே நூலானது, கரை குறிக்காத நாற்பது ஆண்டுகளில் எழுதியது கையெழுத்தாகவே கிடந்தது என்பது யோசிக்க வேண்டிய வேறுபாடு. ஊறுவது வேறு வேலைகளுக்கு நடுவிலும் நடந்துவிடும். எழுதுவதற்குத்தான் எல்லை வேண்டும்.

கடைசி நேர நெருக்கடியில்தான் எனக்கு நன்றாக வரும் என்பது இன்னொரு மறுப்பு. டயான் டைஸும் ரோய் பௌமைஸ்டரும் 1997இல் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். தள்ளிப்போடுகிறவர்கள் தவணையின் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள், தவணை முடிவில் மற்றவர்களைவிட அதிகம் அவதிப்பட்டார்கள், புள்ளிகளும் குறைவாகவே வாங்கினார்கள். நெருக்கடி வேலையை முடிக்க வைக்கும். நன்றாக முடிக்க வைக்கிறது என்பதற்குச் சான்று இல்லை.

உந்துதல் வராமல் உட்கார்ந்து எழுதினால் எழுத்து செத்துப்போகும் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது, கலைஞர்கள் உண்மையாகவே நம்புவது. இதற்கு ரொபர்ட் போய்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வைப் பார். எழுத முடியாமல் தவித்த 27 பல்கலைக்கழக ஆசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு அவசியம் நேர்ந்தாலொழிய எழுதக் கூடாது. இன்னொரு குழு மனம் வந்தால் எழுதலாம். மூன்றாவது குழு மனம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் எழுத வேண்டும், தவறினால் தமக்குப் பிடிக்காத அமைப்பொன்றுக்குப் பணம் போய்விடும். மூன்றாவது குழு அதிகம் எழுதியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்களும் அவர்களுக்குத்தான் அடிக்கடி தோன்றின என்பதே முக்கியமான முடிவு. 27 பேர் என்பது சிறிய தொகை, அவர்கள் எழுதியதும் கல்விசார் எழுத்துத்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் உந்துதல் முன்னால் வரும், எழுத்து பின்னால் போகும் என்ற நம்பிக்கையை இது நன்றாகவே அசைத்துவிடுகிறது.

இனி, என்ன செய்யலாம்? பயம்தான் காரணம் என்றால், பயப்பட முடியாத அளவுக்கு வேலையைச் சிறிதாக்க வேண்டும். 'நாவல் எழுதுவது' என்பது எவரையும் அச்சுறுத்தும். 'மூதூர் லோஞ்சில் ஏறும் ஒருத்தி தன் செருப்பை எங்கே வைக்கிறாள் என்று அரைப் பக்கம்' என்பது அச்சுறுத்தாது. அதற்கான நேரத்தை மணிக்கூட்டோடு கட்டுவதைவிட ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டு: காலைத் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்ததும் கொப்பியைத் திறப்பேன் என்று. 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர்கள், 'செய்ய வேண்டும்' என்று மட்டும் நினைத்தவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதைப் பீற்றர் கோல்விற்சரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒரு நாள் தவறினால் உன்னை ஏசாதே. கனடாவில் முதலாண்டு மாணவர் 119 பேரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், முதல் பரீட்சைக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்களே அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். ஏசினால் கொப்பியைக் கண்டாலே வெட்கம் வரும், அந்த வெட்கத்திலிருந்து தப்ப இன்னொரு நாள் போகும். மன்னிப்பது செல்லம் கொடுப்பதாகாதா என்று கேட்கலாம். மன்னித்துவிட்டு மறு நாளும் மேசைக்குப் போகாவிட்டால் ஆகும்.

இந்த வேலையை விட்டபின், வசதி வந்தபின் முழுநேரமாக எழுதலாம் என்று மட்டும் காத்திராதே. மூதூரின் வ. அ. இராசரத்தினம் பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டே எழுதினார், அவருடைய 'தோணி' தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. திருகோணமலையின் தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் உத்தியோகம் பார்த்தபடியே 1895இல் 'மோகனாங்கி'யை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று இன்று அதைச் சொல்கிறார்கள். 1902இல், நாற்பது வயதுகூட ஆகுமுன், அவர் இறந்துபோனார்.

கடைசியாக, எல்லையை நீ மட்டும் போடாதே. டான் ஏரியலியும் கிளவுஸ் வேர்ட்டன்புறொக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குப் பிழை திருத்தும் வேலை கொடுத்தார்கள். கடைசி நாள் மட்டும் குறிக்கப்பட்டவர்கள் ஆகக் குறைவாகச் செய்தார்கள், தாங்களே நாள் குறித்தவர்கள் அதைவிட நன்றாகச் செய்தார்கள், பிறரால் இடைவெளி விட்டு நாள் குறிக்கப்பட்டவர்களே ஆக நன்றாகச் செய்தார்கள். ஆகவே நொக்ஸுக்கு வாய்த்ததுபோல உனக்கும் ஒரு ஹூக் வேண்டும். புகழ்பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. உன் பக்கத்தை வாங்கி வாசித்து, அடுத்தது எங்கே என்று கேட்கக்கூடிய ஒருவர், தோழியோ ஆசிரியரோ சிற்றிதழ் நடத்துபவரோ, போதும். அவர் யார் என்பதை இன்றைக்கே முடிவு செய், முதல் பத்துப் பக்கத்தை அவர் கையில் கொடுக்கும் திகதியை அவரையே குறிக்கச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்