வேலிகாத்தான்

செஞ்சிக்கு வடமேற்கே, அங்காளம்மன் கோயிலால் பெயர்பெற்ற மேல்மலையனூர் உள்ளது. அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் உழவுத்தொழில் ஏரியையும் கிணற்றையும் சார்ந்தது. அங்குள்ள ஏரிக்கரைகளிலும் தரிசு நிலங்களிலும் முள்ளடர்ந்து நிற்கும் மரமொன்றை மக்கள் வேலிகாத்தான் என்பர். சீமைக் கருவேல் என்பது அதன் மற்றொரு பெயர். ‘சீமை’ என்னும் அடைமொழியே அது நம் நாட்டுக் கருவேல் அன்று என்பதை உணர்த்திவிடுகின்றது.

இதன் தாயகம் மெக்சிகோவும் அதற்குத் தெற்கேயுள்ள அமெரிக்க நாடுகளும் ஆகும். சென்னை மாகாணத்து வனத்துறை அலுவலராகிய பெட்டோம் என்பார், வறண்ட நிலங்களில் நடுவதற்காக இதன் விதைகளை வேண்டினார். 1877-ஆம் ஆண்டில் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் இது நடப்பெற்றது.

நோக்கம் நன்றே. மழை பொய்த்த ஆண்டிலும் பட்டுப்போகாத மரம்; உவர்நிலத்திலும் தழைப்பது; வெட்ட வெட்ட விறகு தருவது. இராமநாதபுரம் மாவட்டத்தில் இதனைக் கரியாக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. இம்மரத்தை வெறும் பகையென்று தள்ளுவோர் ஏழையின் அடுப்பை எண்ணாதவரே ஆவர்.

எனினும், வேலி காக்க வந்தது விளைநிலத்தையே கவர்ந்துகொண்டது. அதற்குத் துணைநின்றவை ஆடும் மாடும். இதன் தழையை அவை விரும்புவதில்லை. இனிப்பான மஞ்சள்நிறக் காய்களையோ ஆவலுடன் தின்னும். கடினத் தோலுடைய விதை செரியாமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிப்படும். எருவும் ஈரமும் ஒருங்கே வாய்த்த அவ்விடத்தில் முளை எளிதிற் கிளம்பும். ஓர் ஊரில் மேய்ந்த மந்தை மற்றோர் ஊரில் கிடை கொண்டால் விதையும் ஊர் மாறிவிடுகின்றது. மழைவெள்ளமும் தன் பங்கிற்குக் காய்களை ஏரிக்குள் கொண்டு சேர்க்கின்றது. அங்கே வளர்ந்த புதர்கள் வரத்துக்காலை அடைக்கின்றன. மேய்ச்சற் புல்லும் அருகிப்போகின்றது.

2017-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்றுமாறு ஆணையிட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு, பரவும் அயல்தாவரங்கள் பற்றிய கொள்கையொன்றை வெளியிட்டது. ஆயினும், நிலமட்டத்தில் வெட்டிய மரம் சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பலவாகத் தண்டுகள் தழைத்தெழும். வேரோடு பெயர்த்த இடத்திலும், மண்ணுட் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும்.

ஆகவே, அகற்றிய ஏரியை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். சாணளவுள்ள கன்றைச் சிறுவனும் கையாற் பிடுங்கிவிடலாம். ஓராண்டு கடந்தால் கடப்பாரை வேண்டும். காய்களை முன்னரே பொறுக்கி, விதையோடு மாவாக அரைத்துக் கால்நடைத் தீவனத்திற் கலப்பதும் உண்டு. அரைபட்ட விதை முளைப்பதில்லை.