தொட்டியில் அடங்கும் செம்பருத்தி

நர்சரியில் குட்டையென்று வாங்கிய செம்பருத்தி, மறு வருடமே எங்கள் மும்பை பால்கனிக் கம்பியைத் தாண்டியது. வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தின் வேகம் தீர்ந்திருக்க வேண்டும். அந்தக் குட்டைத்தனம் விதையில் இறங்காது.

ஆகவே, ஓராண்டுக்குப் பின்னும் கணுக்கள் நெருங்கியே நிற்கும் ஒற்றைப்பூச் செடியைத் தாயாகக் கொள்ளுங்கள். காலையில் பூ விரியும்போதே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, வேறு நிறப் பூவின் மகரந்தத்தை நுனியிலுள்ள ஐந்து சூல்முடிகளிலும் தடவி, காம்பில் நூல் கட்டுங்கள். பூஜைக்குப் பறித்துவிடாதபடி வீட்டில் சொல்லிவைப்பது அதைவிட முக்கியம்!

காய் முற்ற இரண்டு மாதம் வரை ஆகலாம். நாற்றுகள் ஒன்றுபோல் இரா. எனக்கு முளைத்த பதினொன்றில் இரண்டே இடுப்பளவில் நின்றன. விதையில் அதே செடி வராதாகையால், குச்சி வெட்டி நட்டே அவற்றைப் பெருக்குகிறேன்.