பம்பு மோட்டாரும் மின்கம்பியின் நீளமும்

வராக நதி பாயும் ஜெயமங்கலத்திலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் நெல், வாழை, கரும்பு, தென்னை முதலியவற்றைப் பயிர்செய்யும் மிராசுதார்களில் அநேகர் கிணற்றுப் பாசனத்தையும் நம்பியிருக்கிறார்கள். கிணறு வற்றினால் சற்றுத் தூரத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டு, பழைய மோட்டார் அறையிலிருந்தே கம்பியை நீட்டிக்கொண்டுபோவது வழக்கமாயிருக்கிறது. பின்னர், “மோட்டார் முன்போல் இழுக்கவில்லை, காயில் அடிக்கடி கருகிப்போகிறது” என்ற குறை எழுகிறது. பழி மோட்டாரின்மீதோ மின்சார இலாகாவின்மீதோ சுமத்தப்படுகிறது. ஆனால் பல சமயங்களில் குற்றம் இடையிலுள்ள கம்பியினுடையதே. இதன் காரணத்தை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

மின்சாரம் எந்தக் கம்பியிலும் தடையின்றி ஓடுவதில்லை. குறுகிய வாய்க்காலில் நெடுந்தூரம் செல்லும் நீர் கடைமடையில் வேகம் குறைவதுபோல, நீண்ட மெல்லிய கம்பியில் செல்லும் மின்சாரமும் தன் அழுத்தத்தை, அதாவது வோல்ட்டை, வழியிலேயே இழக்கிறது. இதற்குரிய விதியை ஜெர்மனி தேசத்துப் பண்டிதர் ஓம் என்பவர் 1827-ஆம் வருஷத்தில் நூலாக வெளியிட்டார். விதி எளிது. கம்பியின் நீளம் இருமடங்கானால் தடையும் இருமடங்காகும். மூன்று மடங்கானால் மூன்று மடங்காகும். கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு இருமடங்கானால் தடை பாதியாகும். உலோகமும் முக்கியமானது. ஒரே நீளமும் பருமனுமுள்ள செம்புக் கம்பியைவிட அலுமினியக் கம்பிக்குத் தடை ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது.

ஓர் உதாரணம் பார்ப்போம். 415 வோல்ட்டில் ஓடும் 5 குதிரைச்சக்தி மும்முனை மோட்டார் சுமார் ஏழரை ஆம்பியர் இழுக்கும். 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பிக்கு 100 மீட்டருக்குச் சுமார் 0.74 ஓம் தடையுண்டு. மோட்டார் 100 மீட்டர் தூரத்திலிருந்தால் குறையும் அழுத்தம் சுமார் 8 வோல்ட், பாதகமில்லை. அதே கம்பியை 300 மீட்டருக்கு நீட்டினால் தடை 2.2 ஓமாகி, அழுத்தம் சுமார் 25 வோல்ட் குறைகிறது. மூன்று கம்பிகளிலுமாகச் சுமார் 375 வாட், அதாவது அரைக் குதிரைச்சக்தி, வெறும் உஷ்ணமாக வீணாகிறது. 10 சதுர மில்லிமீட்டர் அலுமினியமோ 6 சதுர மில்லிமீட்டர் செம்போ போட்டிருந்தால், அதே தூரத்துக்குக் குறைவு சுமார் 10 வோல்ட்டோடு நின்றிருக்கும். குறைவு நூற்றுக்கு மூன்றுக்கு, அதாவது 12 வோல்ட்டுக்கு, மேற்படாதிருத்தல் நலம்.

“விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாயிற்றே, வீணானால் நமக்கென்ன?” என்று சிலர் கேட்கக்கூடும். நஷ்டம் கட்டணத்திலன்று; மோட்டாரிலும் நீரிலும் ஆகும். மோட்டாரின் முறுக்குவிசை அழுத்தத்தின் வர்க்கத்தையொத்துக் குறைவது. அழுத்தம் நூற்றுக்கு 80 ஆனால் விசை 64 ஆகிவிடும். சுமையோ குறைவதில்லை; ஆகவே மோட்டார் அதிக ஆம்பியரை இழுத்துச் சூடேறி, காயில் கருகுகிறது. ரீவைண்டிங் செலவு ஒருபுறமிருக்க, அந்நாட்களில் வாழை வாடி நிற்பதற்கு ஈடேது?

நிற்க, மின்சார இலாகா பல மைல் தூரம் கம்பி இழுக்கும்போது இந்நஷ்டத்தை எவ்வாறு தவிர்க்கிறது? 1958-இல் இயங்கத் தொடங்கிய லோயர்கேம்ப் பெரியாறு மின்நிலையத்தின் மின்சாரம் 1,10,000 வோல்ட்டுக்கு உயர்த்தியே அனுப்பப்படுகிறது. அழுத்தம் உயர்ந்தால் அதே சக்திக்கு ஆம்பியர் குறையும். ஆம்பியர் பாதியானால் கம்பியில் வீணாவது கால்பங்காகும். நம் வயலில் அழுத்தத்தை அவ்வாறு உயர்த்த வழியில்லை. நீளத்தைக் குறைப்பதும் பருமனைக் கூட்டுவதுமே நமக்குள்ள உபாயங்கள்.

குறை எங்குள்ளதென்று அறிவது எளிது. உரிமம் பெற்ற ஒயர்மேனைக்கொண்டு, மோட்டார் ஓடும்போதே மீட்டர்ப் பலகையிலும் மோட்டாரண்டையிலும் வோல்ட்டை அளக்கச் செய்யவேண்டும். மோட்டார் நிற்கும்போது அளந்தால் இரண்டும் சமமாகவே காட்டும். அதை நம்பி ஏமாறலாகாது. இரண்டுக்கும் வித்தியாசம் மிகுதியாயிருந்தால் குற்றம் கம்பியினதோ ஒட்டுக்களினதோ ஆகும். மீட்டர்ப் பலகையிலேயே வோல்ட் குறைந்திருந்தால் மின்சார அலுவலகத்துக்கு மனுச்செய்துகொள்ள வேண்டும்.

கம்பி வாங்குமுன் கவனிக்கவேண்டியவை:

1. தரைமேலுள்ள தூரத்தோடு, நீர்மூழ்கி மோட்டார் இறங்கியுள்ள ஆழத்தையும் கூட்டிக்கொள்க.

2. நீளத்துக்கும் குதிரைச்சக்திக்கும் தக்க பருமனைக் கேட்டறிந்து வாங்குக.

3. துண்டுக் கம்பிகளை முறுக்கி ஒட்டுப்போடாதீர். தளர்ந்த ஒட்டு ஒவ்வொன்றும் புதிய தடையாகும்.

புதிய இணைப்புக்கோ இடமாற்றத்துக்கோ உரிமைச் சான்று கேட்டுவரும் குடியானவர்களுக்குக் கிராம உத்தியோகஸ்தர்கள் இவற்றை எடுத்துச்சொல்வார்களாயின் பேருபகாரமாயிருக்கும். கம்பியில் மிச்சம்பிடித்த பணத்தை மோட்டார் பழுதுபார்ப்பில் இழப்பதைவிட, தக்க கம்பியை ஒருமுறை போட்டு நிம்மதியாய் நீர் பாய்ச்சுவதே விவேகமாகும்.