மாட்டின் நிறமும் சந்தை விலையும்

மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுமுன், வாங்குவோர் கண்ணில் முதலில் படுவது மாட்டின் நிறமே. மயிலை, செவலை, காரி என்று நிறத்தைக் கொண்டே மாட்டை அடையாளம் கூறுவது நம் உழவர் வழக்கம். வயதும் உயரமும் ஒத்த இரண்டு மாடுகளுக்கு நிறத்தை முன்னிட்டு வெவ்வேறு விலை கூறப்படுவதும் உண்டு. இவ்வேற்றுமை எவ்வளவு நியாயமானது என்பதைச் சங்கக் கடனில் மாடு வாங்கும் உறுப்பினர்கள் ஆராய்ந்தறிதல் அவசியம்.

நிறம் இனத்தைக் காட்டும் ஓர் அடையாளம் என்பது உண்மையே. காங்கேயம் பசுக்கள் பெரும்பாலும் வெண்மை அல்லது சாம்பல் நிறமுடையவை. உம்பளச்சேரி மாட்டுக்கு நெற்றியிலும் கால்களிலும் வெண்குறிகள் உண்டு. வெளிர்நிற மயிர் வெயிலைத் திருப்பிவிடும்; கருமயிர் வெப்பத்தை மிகுதியாக ஏற்கும். அரியலூர் வட்டாரத்துக் கோடையில், போதிய நிழலில்லாத இடத்தில் மாடு கட்டுவோர் இதனைக் கருதுவது தக்கதே.

ஆனால் நிறம் நிலையானதன்று. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஏறத்தாழ 6 மாதத்தில் சாம்பல் நிறம் அடைகிறது. காளையின் திமிலிலும் முன்புறத்திலும் படரும் கருமை, காயடித்தபின் குறைந்துவிடுகிறது. எனவே, இளங்கன்றின் நிறத்துக்கென்று கூடுதல் பணம் கொடுப்பவர் நிலையாத ஒன்றுக்கு விலை கொடுத்தவராகிறார்.

அமெரிக்க நாட்டு ஏலங்களிலும் கறுத்த இறைச்சிக் கன்றுகளுக்குக் கூடுதல் விலை கிடைப்பது வழக்கம். அங்கஸ் இன வளர்ப்போர் 1978இல் தொடங்கிய முத்திரைத் திட்டத்தில் பொதுவாகத் தோலின் பாதிக்கு மேல் கறுப்பாக இருத்தல் வேண்டும். ஆயினும் நிறத்தினால் மட்டும் முத்திரை கிடைத்துவிடாது; இறைச்சியின் தரத்தைத் தனியே சோதித்த பின்னரே கிடைக்கும். அங்கே நிறம் தேர்வின் முதற்படி மட்டுமே.

சங்கமொன்றின் கடன் கணக்கைப் பரிசீலித்தபோது, தவணை தவறிய உறுப்பினர் ஒருவரிடம் காரணம் வினவினேன். கறுப்பு வெள்ளைத் திட்டுடைய பசு மிகுதியாகக் கறக்கும் என்று நம்பி, கறந்து பாராமலே வாங்கினாராம். வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகுதான் ஒரு காம்பில் பால் வரவில்லை என்று தெரிந்தது. ஹோல்ஸ்டீன் இனம் மிகுதியாகக் கறப்பது மெய். ஆனால் அதன் கலப்பில் பிறந்த பசு ஒவ்வொன்றும் அவ்வாறே கறக்கும் என்பதற்கு நிறம் சான்றாகாது. மேலும், பால் சங்கத்தில் விலை நிர்ணயிக்கக் கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் பார்க்கப்படுகின்றன. பசுவின் நிறம் பார்க்கப்படுவதில்லை.

நிறத்துக்காக மட்டும் 5,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்ததாகக் கொள்வோம். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியாயின், அதற்கு 500 ரூபாய் வட்டியும் சேர்கிறது. நிறம் அதனை ஈட்டித் தராது.

ஆதலால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க:

1. பல்லைப் பார்த்து வயதை அறிக.
2. தொடர்ந்து மூன்று வேளை கறந்து பார்க்க. நான்கு காம்புகளையும் தனித்தனியே சோதிக்க.
3. உழவு மாடாயின் ஏரிலோ வண்டியிலோ பூட்டி, நடையையும் குளம்பையும் கவனிக்க.
4. கால்நடை மருத்துவரிடம் காட்டிய பின்னரே முழுத் தொகையையும் கொடுக்க.

இவையனைத்தும் திருப்தியாக இருந்து, விலையும் ஒத்துவந்தால், விரும்பிய நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.